ஒரு நூல் நகர்ந்தால்...

மும்பையில் பிழைக்கும் நமக்கு ஊர்ப் பயணம் என்றால் கர்ஜத் நிலையம் நினைவுக்கு வராமல் இருக்காது. தாதரில் முண்டியடித்து ஏறி, பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து மூச்சு விடுவதற்குள் கர்ஜத் வந்துவிடும். வண்டியின் பின்னால் பேங்கர் எஞ்சின் மாட்டுகிற நேரத்தில் ஆளுக்கொரு வடா பாவ் வாங்கித் தின்றுவிடலாம். அதன் பிறகு மலை ஏற்றம். 37 அடி ஓடினால் 1 அடி உயருகிற பாதை. ஒரு சுரங்கம் முடிந்தால் அடுத்த சுரங்கம். லோனாவ்ளா வந்த பிறகுதான் வண்டி சமதளத்தில் ஓடத் தொடங்கும்.

இந்தப் போர்காட் பாதை திறக்கப்பட்டது 1863-ம் ஆண்டில். 1871-ல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இது இணைந்தது. அன்று முதல் இன்று வரை நம் ஆட்கள் பிழைப்புக்கு வந்ததும், பண்டிகைக்குப் போனதும், தந்தி வந்து அழுதுகொண்டு ஓடியதும் பெரும்பாலும் இந்த மலை வழியாகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாத இரவு. நான் வந்த வண்டி கண்டாலாவைத் தாண்டி இறங்கும்போது நடு மலையில் நின்றுவிட்டது. வெளியே கொட்டுகிற மழை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. வண்டி அசையவில்லை. "காலையில் எட்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும், இவர்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். "கல் விழுந்திருக்குமோ?" என்று ஒரு பாட்டி கேட்டார். நானும் ரெயில்வேயில் குமாஸ்தா என்று தெரிந்ததும் எல்லோருடைய கோபமும் என் பக்கம் திரும்பியது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தேன். அன்று இரவு தண்டவாளத்தில் ஒரு கல்கூட விழவில்லை என்றார்கள். அப்படியானால் வண்டி ஏன் நின்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான், பாறை எப்படி நிற்கிறது, எப்போது நழுவுகிறது என்ற பெரிய விஷயம் ஒன்று எனக்குத் தெரிய வந்தது. அதை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுத்தியால் தட்டிப் பார்க்கும் அண்ணாச்சி

எனக்கு முதலில் பாடம் சொன்னவர் ஒரு ஓய்வு பெற்ற கேங்மேன். நெல்லைப் பக்கம் பிறந்தவர். காட் பகுதியில் மலைக் கேங்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். மலைக் கேங் என்றால் தண்டவாளத்தைப் பார்ப்பவர்கள் அல்ல. தண்டவாளத்துக்கு மேலே நிற்கும் மலையைப் பார்ப்பவர்கள். மழைக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, ஆடுகிற பாறை எது, அசையாத பாறை எது என்று பார்ப்பார்கள். ஆடுகிறதை ரெயில் ஓடாத நேரத்தில் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளிவிடுவார்கள். விழப் போகிற கல்லை நாமே முந்திக்கொண்டு விழ வைப்பது.

"ஆடுகிறது என்று எப்படி அண்ணாச்சி கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"சுத்தியால தட்டுவோம் தம்பி. 'ணங்'னு கேட்டா மலையோட ஒட்டி நிக்குதுன்னு அர்த்தம். 'டொப்பு'னு கேட்டா பின்னால பிரிஞ்சிட்டுது. பிரிஞ்ச கல்லெல்லாம் விழாது. அது பல்லுல நிக்கும். பல்லு போச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்காது" என்றார்.

பாறைக்குப் பல்லா? எனக்கு அப்போது புரியவில்லை. இதற்காகத் தனி விஞ்ஞானமே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மலை ஒரே கல் அல்ல

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து குழம்பு வழிந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. தோசைக்கல்லில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தோசை அடுக்கியது போல் அடுக்கடுக்காக உறைந்தது. இந்தக் கரும்பாறைக்குப் பசால்ட் என்று பெயர்.

சூடான குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும். ஏரி வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். ஆகவே மலை என்பது ஒரே கல் அல்ல. ஆயிரக்கணக்கான பிளவுகளால் பிரிக்கப்பட்ட பாளங்களை அடுக்கி வைத்தது போன்றது. இந்தப் பிளவுகளை என்ஜினீயர்கள் 'ஜாயிண்ட்' என்கிறார்கள்.

பாறை உடைந்து விழுவது குறைவு. ஏற்கெனவே இருக்கிற பிளவின் மீது ஒரு பாளம் வழுக்கி இறங்குவதே அதிகம். எனவே கல் எவ்வளவு கெட்டி என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. பிளவின் இரண்டு முகங்களும் ஒன்றை ஒன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அம்மி ஏன் கொத்த வேண்டும்?

பிடிப்பைத் தருவது சொரசொரப்பு. இது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மியில் நாள்பட அரைத்தால் அது வழவழப்பாகிவிடும். மிளகாய் அரைபடாமல் நழுவும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்டால் கூப்பிட்டுக் கொத்தச் சொல்வார்கள். உளியால் பொளிந்த குழிகளும் மேடுகளும்தான் அம்மியின் பற்கள். அண்ணாச்சி சொன்ன பல்லும் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பலகை மேல் வழவழப்பான கடப்பைக்கல் துண்டை வைத்து, அதன் மேல் இன்னொரு துண்டை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். ஓர் அளவுக்குச் சாய்ந்ததும் மேல் துண்டு சறுக்கும். இப்போது ஒரே கல்லை இரண்டாக உடைத்து, உடைந்த முகங்கள் பொருந்துமாறு வைத்துத் தூக்கிப் பாருங்கள். சாய்வு மிக அதிகமானாலும் மேல் துண்டு இறங்காது. ஒரு முகத்தின் மேடு மறுமுகத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சோதனைச்சாலைகளிலும் இதையே செய்கிறார்கள். சறுக்குகிற சாய்வைக் கோணமாக அளப்பார்கள். வழவழப்பான பாறை முகங்களுக்கு அது பொதுவாக 25 முதல் 35 பாகை வரை இருக்கும்.

பல்வரிசைக் கணக்கு

1966-ல் பேட்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரம்பப் பல் போன்ற முகங்களைப் பிளாஸ்டரில் வார்த்துத் தள்ளிப் பார்த்தார். இரண்டு விதமாக நடந்தது.

மேலே பாரம் குறைவாக இருந்தால் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறித் தாண்டும். அப்படி ஏறும்போது மேல் பாளம் சற்று உயரும், பிளவு வாய் திறக்கும். பாரம் அதிகமாக இருந்தால் ஏற முடியாது. பற்கள் உடைந்துதான் வழி விடும்.

பல்லின் சரிவு கூடினால் பிடிப்பும் கூடும். 30 பாகை உராய்வு உள்ள வழவழப்பான முகத்தின் மேல் 100 டன் பாரம் இருந்தால், அதைப் பக்கவாட்டில் நகர்த்த 58 டன் தள்ளினால் போதும். அதே முகத்தில் 15 பாகை சரிவுள்ள பற்கள் இருந்தால் முழுசாக 100 டன் தள்ள வேண்டும்.

ஆனால் உண்மையான பாறையில் ரம்பம் மாதிரி ஒழுங்கான பல் ஏது? இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் நிக் பார்ட்டன். 1973-ல் அவர் ஒரு சூத்திரம் வெளியிட்டார். பிளவின் சொரசொரப்புக்கு 0 முதல் 20 வரை மார்க் போடலாம் என்றார். வழவழப்பாக இருந்தால் 0. மிகவும் கரடுமுரடாக இருந்தால் 20. 1977-ல் அவரும் சௌபே என்பவரும் சேர்ந்து பத்து மாதிரிக் கோடுகளை வரைந்து காட்டினார்கள். பாறையின் முகத்தை அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டியதுதான். இன்றும் உலகம் முழுவதும் என்ஜினீயர்கள் இந்தப் படத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

மார்க் மட்டும் போதாது. பல் கெட்டியாக இருக்கிறதா, உளுத்திருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஷ்மிட் சுத்தியல் என்று ஒரு கருவி உண்டு. கான்கிரீட்டைச் சோதிக்க வந்த கருவி அது. பாறையில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் சுத்தி அடித்துத் திரும்பி எம்பும். எம்பும் அளவை வைத்து முகத்தின் கெட்டியை அறியலாம். அண்ணாச்சி காதால் கேட்டதும் இந்தக் கருவி முள்ளால் காட்டுவதும் அக்கம்பக்கத்துச் சங்கதிகள்தான்.

பள்ளிக்கூடத்தில் லாகரிதம் அட்டவணை புரட்டியவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பாறை முகத்தின் கெட்டி சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோ. அதன் மேல் அழுத்தும் பாரம் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 100. அதன் லாக் 2. சொரசொரப்பு மார்க் 10 என்றால், 10-ஐ 2-ஆல் பெருக்க 20 பாகை. வழவழப்பு முகத்தின் 30 பாகையோடு இதைக் கூட்டினால் 50 பாகை. அதாவது 100 டன் பாளத்தை நகர்த்த சுமார் 119 டன் தள்ள வேண்டும்.

அதே பாறை மழையிலும் வெயிலிலும் உளுத்து, கெட்டி 1,000-லிருந்து 100 கிலோவாக இறங்கினால் லாக் 1 ஆகிவிடும். மொத்தம் 40 பாகைதான். 84 டன் போதும். மார்க் 2 மட்டுமே உள்ள கெட்டியான வழவழப்புப் பாறை என்றால் 34 பாகை, 67 டன்.

முதல் நகர்வே ஆபத்து

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. இந்த 119 டன் பலம் பற்கள் கவ்வியிருக்கும் வரைதான். சோதனைச்சாலையில் தள்ளிப் பார்த்தால், பிளவின் நீளத்தில் சுமார் ஒரு சதவீதம் நகருவதற்குள் உச்சப் பலம் வந்து முடிந்துவிடுகிறது. ஒரு அடி நீளப் பிளவு என்றால் சுமார் 3 மில்லிமீட்டர். கொத்தனார் பாஷையில் சொன்னால் ஒரு நூல்!

அந்த ஒரு நூலுக்குப் பிறகு பற்கள் தேய்கின்றன, நொறுங்குகின்றன. நகர நகரப் பலம் இறங்கிக்கொண்டே வந்து, வழவழப்பு முகத்தின் 58 டன்னை நெருங்குகிறது. அதாவது பாதிக்கும் கீழே. பாளம் மெதுவாக நழுவத் தொடங்கிப் பிறகு திடீரென்று பாய்ந்து இறங்குவதற்குக் காரணம் இதுதான். மனிதர்களில் சிலர் தடுமாறினாலும் சமாளித்து நிற்பார்கள். தடுமாறிய பாறையை அப்படி நம்ப முடியாது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. கையளவு துண்டைச் சோதித்தால் நல்ல பலம் காட்டும். ஆனால் பெரிய பாளத்தில் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கவ்வுவதில்லை. ஆகவே சிறு துண்டின் கணக்கை அப்படியே மலைக்குப் போட்டால் தப்புக் கணக்காகிவிடும்.

மழை என்ன செய்கிறது?

தண்ணீர் பட்டால் வழுக்கும், அதனால்தான் மழையில் பாறை சறுக்குகிறது என்றே நானும் நினைத்திருந்தேன். அது முழு உண்மை அல்ல. தண்ணீர் எண்ணெய் போல் வேலை செய்வதைவிட ஜாக்கி போல் வேலை செய்வதே அதிகம்.

பிளவுக்குள் தண்ணீர் நிரம்பினால் அது மேல் பாளத்தைத் தூக்கும். 3 மீட்டர் தடிமனுள்ள பசால்ட் பாளம் ஒரு சதுர மீட்டரில் தோராயமாக 8 டன் அழுத்தம் கொடுக்கிறது. அடிப்பிளவில் 3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் சேர்ந்தால், அதில் 3 டன்னைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். பற்களைக் கவ்வ வைக்கிற பாரம் 5 டன்னாகக் குறைகிறது. பாளத்தின் எடை அப்படியே இருக்கிறது, பிடிப்பு மட்டும் போய்விடுகிறது.

தண்ணீரின் இரண்டாவது வேலை இன்னும் மெதுவானது. ஆண்டுக்கணக்கில் பாறையை உளுக்க வைத்துப் பிளவுக்குள் களிமண்ணை நிரப்புகிறது. களிமண் படலம் பல்லின் உயரத்தைவிடத் தடிமனாகிவிட்டால் பல்லும் பல்லும் சந்திப்பதே இல்லை. பிறகு பாறையின் பலம் எதற்கு? களிமண்ணின் பலம்தான் மிச்சம்.

உலகம் கற்ற பாடம்

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பிரான்சில் மல்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்தது. அஸ்திவாரப் பாறையின் பிளவுகளில் புகுந்த தண்ணீரின் அழுத்தம் இதற்கு முக்கியக் காரணம். 400-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். இத்தாலியில் வயோந்த் அணையில் 1963 அக்டோபர் 9 இரவு மலையின் ஒரு பக்கமே நீர்த்தேக்கத்தில் சரிந்தது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு இடையே இருந்த களிமண் படலங்களின் மேல் அது வழுக்கி வந்தது. அதற்கு முன்பு பல மாதங்களாக அந்த மலை மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அளந்துகொண்டும் இருந்தார்கள். எழும்பிய அலை அணையைத் தாண்டிப் பாய்ந்து சுமார் 2,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அணை மட்டும் இன்றும் நிற்கிறது.

நம் பக்கத்திலும் மறக்க முடியாத இரவுகள் உண்டு. 2003 ஜூன் 22 இரவு கார்வாரிலிருந்து மும்பை வந்த சிறப்பு ரெயில் கொங்கண் பாதையில் வைபவ்வாடி அருகே, சரிந்து கிடந்த பாறைகளில் மோதியது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வண்டிகள் வேகம் குறைத்து, தனிக் கால அட்டவணைப்படி ஓடுவது பயணிகளின் உயிரை உத்தேசித்துத்தான்.

மலை அடியில் குடியிருப்போருக்கு

இது ரெயில் பயணிகளுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மும்பையில் நம் மக்களில் பலர் குன்றுச் சரிவுகளில் குடியிருக்கிறார்கள். வாடகை குறைவு, வேலைக்குப் பக்கம் என்றால் வேறு எங்கே போவது? 2000 ஜூலை 12 அன்று காட்கோபரில் மலைச்சரிவு குடிசைகளின் மேல் விழுந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பாறையோடு மண்ணும் சேர்ந்தே வரும். எனினும் தண்ணீர் செய்கிற வேலையும், முதல் நகர்வு தருகிற எச்சரிக்கையும் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியவை சில:

பாறையில் பழைய வெடிப்பின் ஓரம் கறுத்துப் பாசி படிந்திருக்கும். அதன் அருகே புதிதாக வெளுத்த கோடு தெரிந்தால் பாறை நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

வெடிப்பிலிருந்து தெளிந்த நீர் வந்துகொண்டிருந்து, திடீரென்று கலங்கி வந்தால் உள்ளே ஏதோ அரிக்கிறது.

மழை கொட்டும்போதே, வழக்கமாக வரும் நீர் நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். வழி அடைபட்டு உள்ளே தேங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். தடுப்புச் சுவர்களில் குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பது இந்த நீர் வெளியேறத்தான். அதில் துணியையோ பிளாஸ்டிக்கையோ அடைப்பது நம் தலைக்கு மேல் நாமே ஜாக்கி வைப்பதாகும்.

சின்னக் கற்கள் உதிர்ந்தாலும், மரமோ கம்பமோ சாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஆட்கள் வெளியே, சாமான் பிறகு.

அந்த இரவு நடந்தது

ரெயில்வேயில் இப்போது பாறைகளில் துளையிட்டு இரும்புக் கம்பி செருகி இறுக்குகிறார்கள். பிளவின் முகங்களை ஒன்றோடு ஒன்று அழுத்தி வைப்பதே அதன் வேலை. இரும்பு வலை போர்த்துகிறார்கள். மேலே வெட்டிய வாய்க்கால்களில் நீரைத் திருப்பி விடுகிறார்கள். இவ்வளவும் இருந்தாலும், மழை இரவில் ரெயின்கோட்டும் டார்ச்சுமாக ஒருவர் பாதையோரம் நடந்தே ஆக வேண்டும்.

அந்த ஜூலை இரவில் எங்கள் வண்டி நின்றதற்குக் காரணம் அப்படிப்பட்ட ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. வெட்டுச் சுவரின் மேலே ஒரு வெடிப்பிலிருந்து செந்நிறத் தண்ணீர் வழிவதையும், இரண்டு மூன்று சிறு கற்கள் உருண்டு வருவதையும் ரோந்து போன ஒரு கேங்மேன் பார்த்திருக்கிறார். உடனே சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தச் செய்திருக்கிறார். ஆட்கள் வந்து பார்த்து, ஆபத்து இல்லை என்று உறுதி செய்தபின் வண்டியை ஊர்ந்து போக விட்டார்கள். அந்தப் பாளத்தை மறுநாள் பகலில் நெம்பித் தள்ளினார்களாம்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "எவ்வளவு விலகி இருந்ததாம்?" என்று கேட்டார். "ஒரு நூல் இருக்கும் என்றார்கள்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அது போதும் தம்பி. நிறுத்தினது சரிதான்" என்றார்.

வண்டியில் சத்தம் போட்ட அந்த நண்பர் எந்த மில்லில், எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாரோ தெரியாது. எட்டு மணி ஷிப்ட் அவருக்குத் தவறியிருக்கும். அரை நாள் சம்பளமும் போயிருக்கும். இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டால், அந்த அரை நாள் எதற்காகப் போயிற்று என்று தெரிந்துகொள்ளட்டும்.